உருகாத கோகிலா

மண்ணூர்,
வெள்ளிக்கிழமை

அன்பிற்குரிய மைத்துனர் ஸ்டீவ் அவர்களே, இக்கடிதத்தை அவர் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கப்போகும் ஒரகடம் ஆலையின் கேன்டீன் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் முதல் வணக்கம். இங்கு யாவரும் நலம். அங்கு நீயும் உன் துணைவி, என் தங்கை போன்ற ஜோஸ்லினும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இனி நேரே குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நீங்கள் உறையிட்டு ஊரெங்கும் அனுப்புகிற கோகிலா சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய் குறைந்துவிட்டது. அது இருந்த இடத்தில் செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், வந்து அமர்ந்திருக்கிறது. அதன் விளைவாக உன் அக்கா ரூத் ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை.

எங்கள் இல்லத்து வழக்கம் ஒன்றை உன் தோழர்களுக்காகச் சொல்கிறேன். மேடையில் மூன்று மணி நேரம் தண்ணீர் கேட்காமல் பேசுகிற எனக்கு, வீட்டில் ‘தவறு என்னுடையது’ என்று சொல்ல வேண்டிய வேளையில் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆதலால் மணமான நாள்முதல், பிழை செய்தால் ஒரு கோகிலா வாங்கி வந்து குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்துவிடுவேன். ரூத் அதை இரண்டாக உடைத்துப் பாதியைத் தின்று, மறுபாதியை என் தட்டருகே வைப்பாள். அத்தோடு வழக்கு முடிந்தது. சென்ற வாரம் எங்கள் திருமண நாள். மாலையில் பிரியாணிக் கடைக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தேன். அன்று பார்த்துச் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு படிப்பகத் திறப்பு விழாவுக்கு அழைத்தார்கள், ஐந்தே நிமிட வாழ்த்துரை என்றார்கள். ஐந்து நிமிடத்தில் நான் மேடையிலிருப்போரை விளித்துக்கூட முடிக்க மாட்டேன் என்பது நீ அறிந்தது. வீடு திரும்பியபோது உன் அக்கா பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டுத் தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முறைப்படி கோகிலாவை வைத்தேன். அவள் உறையைப் பிரித்தாள், ஒரு முனையைக் கடித்தாள், என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள், பிறகு அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். உடைக்கவில்லை! நான் திகைத்துப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைத் திருப்பினேன். எறும்புகூடக் கண்ணாடி கேட்கும் எழுத்தில், எண்ணெய் வந்த செய்தி அச்சாகியிருந்தது. உடனே உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? “மாமா, நான் பேக்கிங் லைன்ல கீறேன். மூடுறதுதான் என் வேலை. உள்ள இன்னா போவுதுன்னு மேல இருக்கிறவங்களைத்தான் கேக்கணும்” என்று சொல்லித் தொடர்பையும் மூடிவிட்டாய்.

ஆகவே மக்களிடமே கேட்கப் புறப்பட்டேன். கேட்கக் கேட்க எனக்கு வியப்பே மேலிட்டது. நம் தெருமுனைப் பெட்டிக்கடை சரோஜா, உறைமேல் அதே குயில் படம் இருக்கும்வரை உள்ளே எதை வைத்தாலும் விற்கும் என்றார். ஷேர் ஆட்டோவில் என் மடியில் பாதி அமர்ந்து வந்த கொம்பையா, நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கார் உதிரிப்பாக ஆலையில் வேலை செய்பவர், புதியதே உயர்ந்தது என்று வாதாடினார். “பழசு சட்டப்பையிலயே கூழாப் போயிரும் அண்ணாச்சி. இது ஷிப்டு முடியுத மட்டும் கல்லு கணக்கா நிக்கும்லா” என்றார். பின்னிருக்கையில் இருந்த இரு பெண்களில் ஒருவர் மெழுகுவத்தி வாடை என்றார். மற்றவர், முன்பைவிட இனிப்புத் தூக்கல் என்றார். இருவரும் ஒரே கட்டியைத்தான் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். நாக்கு என்பது ஆளுக்கொன்றாகப் படைக்கப்பட்டதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இதை இப்படியே விடலாமா? பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, கண்ணைக் கட்டிச் சுவைக்கச் செய்து, ஊரறிய உண்மையை நிலைநாட்டுவது என்று முடிவு செய்தேன். பழைய கோகிலாவுக்காகக் கடைகடையாக ஏறி இறங்கினேன். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தருகே ஒரு கடையின் குளிர்பெட்டியில், தயிர்ப் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஒன்றே ஒன்று கிடைத்தது. பழைய உறை, கொக்கோ வெண்ணெய் மட்டும், காலாவதி நாளும் தாண்டவில்லை. அதை நேரே அக்காவிடம் கொடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். எனக்கு எப்போதும் மக்கள் மன்றம்தான் முதலில். பனிக்கட்டி நிறைந்த தூக்குவாளியில் வைத்து மண்ணூர்ப் பேருந்து நிறுத்தத்துக்குக் கொண்டுவந்தேன். முதல் ஷிப்டு விட்டு வந்தவர்கள் கூடினார்கள். இரண்டு கட்டிகளையும் இரண்டு தட்டில் வைத்து, சித்திரை வெயிலில், முன்னுரையைத் தொடங்கினேன்.

கொக்கோ விளையும் நாடுகளைச் சொன்னேன். அது கப்பலேறி வந்த வரலாற்றைச் சொன்னேன். எண்ணெய்க்கும் வெண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னேன். கைதட்டலும் நன்றாகத்தான் இருந்தது. ‘இப்போது சுவையுங்கள்’ என்று தட்டைக் காட்டித் திரும்பினால், பழைய கோகிலா குழம்பாகித் தட்டு விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. புதியதோ வைத்தது வைத்தபடி, குயில் முத்திரை கலையாமல் நின்றது. “தலைவரே, உங்க பேச்சுக்கே தாங்கி நின்னுட்டு பாத்தியளா, அதாம்லா சரக்கு” என்று கொம்பையா தீர்ப்பளித்தார். கூட்டம் அத்தனையும் ஆமோதித்துச் சரோஜா கடைக்குப் போய்ப் புதிய கோகிலா வாங்கித் தின்றுகொண்டே கலைந்தது.

வெறும் தூக்குவாளியோடு வீட்டுக்கு வந்த என்னை ரூத் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அன்றாடம் தோசை வருகிறது, சட்னி வருகிறது, சொல் மட்டும் வருவதில்லை. இந்த ஊரில் எத்தனையோ பேர் என் பேச்சைக் கேட்கிறார்கள். எனக்குக் கேட்க வேண்டியது ஒரே ஒருத்தியின் பேச்சு. அது இல்லாமல் எனக்கு மேடையும் ஓடவில்லை.

எனவே ஸ்டீவ், தோழர்களே, உங்களிடம் இரந்து நிற்கவில்லை, உரிமையோடு கேட்கிறேன். இக்கடிதத்தைப் படித்த மறுகணமே எழுந்து செல்லுங்கள். சூப்பர்வைசரைப் பாருங்கள். எடுத்த வெண்ணெயை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். இன்றே, இந்த ஷிப்டுக்குள்ளேயே!

ஆண்டவர் உன்னையும் ஜோஸ்லினையும் நோய்நொடியின்றிக் காக்கட்டும். உன் ஓ.டி. குறையட்டும், உறக்கம் பெருகட்டும்.

அன்பு மாறாத,
யாகப்பன்

பின்குறிப்பு: பேசாதிருக்கும் நாள்களிலும் என் கடிதங்களைப் பிழைதிருத்தித் தருவதை உன் அக்கா நிறுத்தியதில்லை. இதையும் படித்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: “பொங்கலுக்கு அப்பால இருந்தே புது கோகிலாதான் வருது. உங்க கையில சொன்னா மீட்டிங் போட்டுடுவீங்கன்னு ஸ்டீவ் என் கையில மட்டும் சொன்னான். நல்லாத்தான் கீது. அதுக்கப்புறம் எத்தினி சண்டைக்கு உடைச்சித் தின்னேன்? இது கல்யாண நாளு. இந்த ஒரு தபாவாச்சும் வாயத் தொறந்து சொல்வீங்கன்னு மூஞ்சியைப் பாத்துகினு நின்னேன். நீங்க ரேப்பரைத் திருப்பிப் படிச்சீங்க.”

நான் சொன்னேன். முன்னுரை இல்லாமல், ஒரே சொல்லில். மறுபாதி இப்போது என் தட்டருகே இருக்கிறது. ஆகவே மேற்கண்ட கோரிக்கைகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன், ஆலை எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் வரும் ஞாயிறு பிரியாணிக் கடைக்குப் போவதாக வாக்களித்திருக்கிறேன். அன்றைக்கே ஸ்ரீபெரும்புதூரில் ஐந்து நிமிட வாழ்த்துரை ஒன்று இருக்கிறது. புதிய கோகிலா ஒரு பெட்டி, உடனே கொடுத்தனுப்பு.