வேண்டாம் என்றால் வேண்டாம்

அமெரிக்காவில் ஆறு வருடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஒருவர் 'வேண்டாம்' என்றால் வேண்டாம். போன புதிதில் பேராசிரியர் வீட்டு விருந்தில் மரியாதைக்காக 'வேண்டாம்' என்று சொல்லித் தொலைத்தேன். மனுஷர் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்! (அன்று பட்ட பசி இருக்கிறதே, பகவானே!) அதற்கப்புறம் முதல் கேள்விக்கே 'சரி' சொல்லப் பழகினேன். என்ன பழகி என்ன, அங்கே நான் இந்தியாக்காரன்தான்.

எழுபதுகளின் நடுவில், தங்கை பத்மாவின் கல்யாணத்துக்காக மயிலாப்பூர் வந்தால், சத்திரத்தில் அத்தனை பேரும் என்னை 'அமெரிக்கா' என்று கூப்பிடுகிறார்கள்! எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்று அப்பாவிடம் சண்டை போட்டு, சம்பந்தி பந்தியை கவனிக்கும் பொறுப்பை வாங்கிக்கொண்டேன்.

ஜாங்கிரித் தட்டோடு போனேன். மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டு கையாலும் இலையை மறைத்து, "வேண்டாம், வேண்டாம்" என்றார். "சரி மாமா" என்று அடுத்த இலைக்கு நகர்ந்தேன். அவரைப் பார்த்து மற்றவர்களும் வேண்டாம் என்றார்கள். தட்டு நிறையத் திரும்பி வந்தது. வேலையைச் சட்டென்று முடித்த பெருமை வேறு எனக்கு!

சற்று நேரத்தில் அப்பா வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "என்னடா பண்ணித் தொலைச்சே? ஜாங்கிரியைக் கண்ணுல காட்டிட்டு எடுத்துண்டு போய்ட்டான்னு பெரியப்பா பாதி சாப்பாட்டுல எழுந்து கார்ல போய் உக்காந்துட்டார். மாப்பிள்ளையையும் அழைச்சுண்டு கிளம்பறேங்கறார்!"

பத்மா கூறைப்புடவையோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காரை நோக்கி ஓடினேன்.

"மாமா, நீங்கதானே வேண்டாம்னேள்?"

"சொன்னா? இன்னும் ரெண்டு தரம் உபசாரம் பண்ண மாட்டாளோ? நீ எந்த ஊர்க்காரன்டா?"

"அதான் மாமா எனக்கே தெரியலை" என்றேன். பேராசிரியர் வீட்டில் பசியோடு திரும்பிய கதையைச் சொன்னேன்.

"ஒரே தரம்தான் கேட்டானா?"

"ஒரே தரம்தான் மாமா."

"அடப் பாவி!" என்றார். (என்னையில்லை, பேராசிரியரை.) காரைவிட்டு இறங்கி, என் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். "இங்கே போடு, குழந்தை இளைச்சுக் கிடக்கான்!"

"போதும் மாமா" என்று சொல்லச் சொல்ல இலையில் ஜாங்கிரி விழுந்தது. ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று அப்போதுதான் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு அழுதேன்.

நான் அமெரிக்கா திரும்பியபோது பெரியப்பாவும் வழியனுப்ப மீனம்பாக்கம் விமான நிலையம் வந்தார். "படிப்பை முடிச்சுண்டு இங்கேயே வந்துடேன்டா." "பார்க்கலாம் மாமா" என்று நழுவினேன். விட்டாரா மனுஷர்? மாதம் தவறாமல் எழுதிக் கேட்டார். பட்டம் கைக்கு வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்காக எனக்குத் தேசபக்தன் என்று யாராவது பட்டம் கட்டினால் பத்மாவுக்குச் சிரிப்பு தாங்காது. "அண்ணா தானா ஒண்ணும் வரலை. எங்காத்துப் பெரியப்பா விடாம உபசாரம் பண்ணினார், வந்தான்!"