ஐந்தாவது அறிக்கை

"வண்டியில் ஒரு குறையும் இல்லை, குறை ஓட்டியவரிடம்" என்று ரஜிதா எழுதியிருந்த முதல் வரியிலேயே வெங்கிடாசலத்தின் விரல் நின்றுவிட்டது.

"இது வேண்டாம்," என்றார்.

"எது முதலாளி?"

"இந்த வரி."

"மிச்சம் மூணு பக்கமும் இந்த ஒரு வரிக்குச் சாட்சிதான் முதலாளி."

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு மிளகுக் கிடங்குக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கடை. ரிமோட்டில் ஓடும் பந்தய வண்டிகள் விற்கிற கடை. பொம்மைக் கடை என்று யாராவது சொன்னால் வெங்கிடாசலத்துக்குக் கோபம் வரும். மேசைமேல் கிடந்தது 'பக்கி' என்கிற ரகப் பந்தய வண்டி ஒன்று. முழங்கை நீளம்தான், ஆனால் நல்ல மோட்டார் சைக்கிள் ஒன்றின் விலை. மண்மேட்டில் ஏறிக் குதித்து ஓடுவதற்கென்றே செய்த வண்டி.

சென்னை விநியோகஸ்தர் ஆலுவா, கலூர், மட்டாஞ்சேரி என்று மூன்று கடைகளுக்கு ஆளுக்கொரு வண்டி அனுப்பியிருந்தார். பந்தயத்தில் ஓட்ட வேண்டும். ஓட்டிய பிறகு அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, எந்தப் பாகம் எப்படித் தாக்குப்பிடித்தது என்று அறிக்கை எழுத வேண்டும். எந்த அறிக்கை பிடிக்கிறதோ அந்தக் கடைக்குக் கேரளா முழுவதற்கும் ஏஜென்சி. ஏஜென்சி வந்தால் சர்வீஸுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அந்த வேலை ரஜிதாவுக்கு என்று வெங்கிடாசலம் வாயால் சொல்லியிருந்தார். காகிதத்தில் அவள் பதினோரு மாதமாக 'ட்ரெயினி'.

அவள் அப்பா ராமர் கார்ப்பரேஷனில் சாக்கடை ஓடை அள்ளுகிறவர். பள்ளுருத்தியில் அவர்கள் வரிசையில் இருந்த பதினாறு வீடுகளில் டிகிரி முடித்தது ரஜிதா மட்டும். அறிக்கையை எழுதும் முன்பே அதன் கடைசி வரியைத்தான் அவள் முதலில் டைப் செய்தாள்: 'ஆர். ரஜிதா, பி.எஸ்சி. இயற்பியல்'.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் வண்டியை ஓட்டியவன் ரதீஷ். வெங்கிடாசலத்தின் மச்சினன். ஒரே திருப்பத்தில், ஒரே டயர்ச் சுவரில், ஏழு முறை மோதினான். ஒரு முறை மோதினால் பந்தயம். இரண்டு முறை என்றால் துரதிருஷ்டம். ஏழு முறை மோதியவனுக்கு வேறு பெயர் உண்டு, அதை ரஜிதா அறிக்கையில் எழுதவில்லை.

மற்றதையெல்லாம் எழுதியிருந்தாள். வலது முன்சக்கரத்தைத் தாங்கும் கை வளைந்திருந்தது, இடது கை நேராக இருந்தது. சக்கரம் டயருக்குள் சிக்கிய பிறகும் அவன் ஆக்ஸிலரேட்டரை விடாததால் கிளட்ச் கருகியிருந்தது. ஏர் ஃபில்டர் கழன்று விழுந்த பிறகும் இரண்டு சுற்று ஓட்டியதால் இன்ஜினுக்குள் மண் போய் பிஸ்டனில் கோடு விழுந்திருந்தது. எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில்.

"இதை ரதீஷோட சேச்சி படிச்சா எனக்கு வீட்டுல சோறு கிடைக்காது," என்றார் வெங்கிடாசலம்.

ரதீஷ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. அவன் கடையில் வாய் திறந்து ரஜிதா பார்த்ததில்லை. அவனுக்காகப் பேசத்தான் ஊரே இருந்ததே.

இரண்டாவது அறிக்கையில் குறை வண்டிக்குப் போயிற்று. முன்சக்கரத்தின் கை பலவீனம், கிளட்ச் மட்டம். வளைந்த கை ஒன்றுதான் என்பதால் படத்துக்கு நன்றாக இருக்காது என்று, நேராக இருந்த இன்னொன்றையும் வெங்கிடாசலமே பிளையர் வைத்து வளைத்தார். வேலை முடிந்து வியர்வையைத் துடைக்கும்போது, பில் போடுகிற கமலாக்ஷி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"மட்டமான வண்டின்னு நாமளே எழுதிட்டு, அதை விக்க ஏஜென்சி கொடுன்னு கேக்கணுமா முதலாளி?"

வெங்கிடாசலம் பிளையரைக் கீழே வைத்தார்.

மூன்றாவது அறிக்கையில் குறை மைதானத்துக்கு. திருப்பம் சரியாக அமைக்கப்படவில்லை, டயர்ச் சுவர் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. இதை ரஜிதா பாதி டைப் செய்திருக்கும்போது வெங்கிடாசலம் ஓடிவந்து கம்ப்யூட்டரின் திரையைக் கையால் மறைத்தார். மைதானத்தில் மண் அடித்துத் திருப்பம் போட்டுக் கொடுத்தவர், ரதீஷுக்குப் பெண் கொடுக்கப் போகிறவர். நிச்சயம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"பின்னே யாரைத்தான் குறை சொல்றது?" என்று கேட்டாள் ரஜிதா.

"மழையைச் சொல்லு. மழைக்குச் சொந்தக்காரன் கிடையாது."

"ஞாயித்துக்கிழமை மழை பெய்யலை."

"சென்னையில இருக்கறவனுக்கு அது எப்படித் தெரியும்?"

நான்காவது அறிக்கையில் குறை மழைக்கு. ஆனால் மழையில் ஓடிய வண்டி நனைந்திருக்க வேண்டும். கடையைக் கூட்டுகிற மாடத்தியை வெங்கிடாசலம் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. மாடத்தி கிணற்றில் இறைத்துக் கொண்டுவந்தாள். அது உப்புத் தண்ணீர், இரும்பை ஒரே நாளில் தின்றுவிடும் என்று ரஜிதா சொன்னாள்.

"மழையும் கடல்லேர்ந்துதானே வருது," என்று சொல்லி, வாளியை அப்படியே வண்டியின் தலையில் கவிழ்த்தார் வெங்கிடாசலம்.

இதற்குப் பதில் சொல்வதானால் நீராவியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரஜிதா ஆரம்பிக்கவில்லை.

மறுநாள் காலை பேரிங்குகள் பழுப்பாகியிருந்தன. ஸ்டீயரிங்கைத் திருப்புகிற மோட்டார் செத்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கை வளைந்து நின்ற வண்டி, புதன்கிழமை இரண்டு கையும் வளைந்து, துருப்பிடித்து, அசையாமல் கிடந்தது. அறிக்கை திருத்தத் திருத்த, திருத்தத்துக்கு ஏற்றபடி வண்டியும் நாசமாகிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குக் கமலாக்ஷி ஸ்டூடியோவிலிருந்து பந்தயப் படங்களை வாங்கி வந்தாள். அறிக்கையோடு படம் வைத்தே ஆக வேண்டும் என்பது சென்னைக்காரர்களின் நிபந்தனை. எல்லாப் படத்திலும் வெயில் கொளுத்தியது. எல்லாப் படத்திலும் புழுதி பறந்தது. நடுவில் ரதீஷ் கறுப்புக் கண்ணாடியோடு சிரித்தான்.

அன்று முழுவதும் வெங்கிடாசலம் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மூன்று சாயா குடித்தார். மாலையில் ரஜிதாவைக் கூப்பிட்டு மிகவும் மென்மையான குரலில் கேட்டார்.

"வண்டியைப் பூட்டினது யாரு?"

பெட்டியில் பாகம் பாகமாக வந்த வண்டியை ஒன்பது நாள் உட்கார்ந்து பூட்டியவள் ரஜிதாதான். முந்நூற்றுச் சொச்சம் திருகாணி. ஒன்று விடாமல் இரண்டு முறை சரிபார்த்தவள்.

"முதலாளி, வேண்டாம்."

"யோசிச்சுப் பாரு மோளே. திருகாணி செரியா முடுக்கலை, அதனால கை வளைஞ்சுது. விவரம் இல்லாம தண்ணி ஊத்திக் கழுவிட்டாங்க, அதனால துரு. எல்லாத்துக்கும் ஒரே காரணம். எவ்வளவு நேர்த்தியா இருக்கு பாரு."

"இடிச்சவன் அங்க பாம்பு ஓட்டிட்டு உக்காந்திருக்கான். கழுவினது நீங்க. பழி எனக்கா?"

"உனக்கு என்ன போச்சு? நீ ட்ரெயினி. ட்ரெயினி தப்பு பண்ணுவா. சென்னைக்காரன் சிரிச்சுட்டு ஏஜென்சியைக் கொடுப்பான். ஏஜென்சி வரலைன்னா சர்வீஸ் ஏது, உனக்கு வேலை ஏது?"

படித்த பெண் என்று ரதீஷின் நிச்சயத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவளைப் பற்றிப் பெருமை பேசிய அதே வாய்தான் இதையும் சொன்னது. ரஜிதா கமலாக்ஷியைப் பார்த்தாள். கமலாக்ஷி பில் புத்தகத்தைப் பார்த்தாள். அந்தக் கடையில் நியாயம் என்பது அவரவர் மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளும் பொருள்.

அரை மணி நேரம் சண்டை நடந்தது. மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் மாடிப்படியில் ஏறிவந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் படித்த படிப்பை, வாங்கிய மார்க்கை, ஏழு முறை மோதிய கணக்கை எல்லாம் சொல்லிக் கத்தினாள். அடுத்தவன் செய்த தப்பின் கீழே தன் பெயர் வருவதைவிட அப்பாவோடு சாக்கடை அள்ளப் போவேன் என்றாள். கடைசியில் வெங்கிடாசலம் கையைத் தூக்கிவிட்டார்.

"செரி. பேர் போட வேண்டாம். 'பூட்டியவரின் கவனக்குறைவு'ன்னு மட்டும் போடு. போதுமா?"

"அடியில எழுதினவங்க பேரும் வேண்டாம். என் பேர் எந்த மூலையிலயும் இருக்கக் கூடாது. நீங்களே கையெழுத்துப் போடுங்க."

"போடறேன்."

முதல் நாள் ஆசை ஆசையாக டைப் செய்த 'ஆர். ரஜிதா, பி.எஸ்சி. இயற்பியல்' என்ற வரியை அவளே அழித்தாள். பதினோரு மாதத்தில் அந்தக் கடையில் அவள் ஜெயித்தது அது ஒன்றுதான்.

வீட்டில் ராமர், அறிக்கையில் அவள் பேர் இங்கிலீஷில் வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை, சண்டை போட்டு எடுக்க வைத்துவிட்டேன் என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் சண்டையில் ஜெயித்தாள் என்பது மட்டும் புரிந்து, சந்தோஷமாகக் கஞ்சி குடித்தார்.

பத்து நாள் கழித்துச் சென்னையிலிருந்து கல்யாணராமன் என்பவர் வந்தார். விநியோகஸ்தரின் தலைமை இன்ஜினீயர். வாங்கி வைத்த வாழைப்பழப் பழம்பொரியைத் தொடவில்லை. வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினார், அது கிறீச்சிட்டது. வளைந்த இரண்டு கைகளையும் தடவிப் பார்த்தார். அறிக்கையை மறுபடி ஒருமுறை முழுதாகப் படித்தார்.

"இந்தப் பூட்டியவர் யாரு?" என்று கேட்டார்.

வெங்கிடாசலம் ஃபேனைப் பார்த்தார். கமலாக்ஷி பில் எழுதுவதை நிறுத்தினாள். ரஜிதா சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எந்த இடத்தில் தலை குனியக் கூடாது என்று அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினாளோ, அந்த இடம் வந்துவிட்டது. செத்தாலும் அவள் வாயைத் திறப்பதாக இல்லை.

கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆலுவாக்காரர் வண்டியைக் குறை சொன்னார். கலூர்க்காரர் பெட்ரோலைக் குறை சொன்னார். நாலு வருஷமா நான் எத்தனையோ ரிப்போர்ட் படிச்சிருக்கேன். 'தப்பு எங்க பக்கம்'னு எழுதின ஒரே கடை இதுதான். சாமான் பத்தி யாருக்கு வேணும்னாலும் நான் சொல்லிக் கொடுத்துடுவேன். செஞ்ச தப்பை ஒத்துக்கறதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஏஜென்சி உங்களுக்குத்தான். ஆனா கேரளா முழுக்க சர்வீஸ் பொறுப்பு அந்தத் தப்பைப் பண்ணின ஆளுக்குத்தான் கொடுப்பேன். மூணு மாசம் சென்னையில டிரெயினிங். ஆர்டர் கையோட கொண்டுவந்திருக்கேன், பேர் மட்டும் எழுதணும். யாருங்க அது?"

ரஜிதாவின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. எச்சில் விழுங்கினாள்.

அந்த ஒரு விழுங்கலுக்குள் பக்கத்து நாற்காலி பின்னால் நகர்ந்தது. ரதீஷ் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான்.

"நான்தான் சார். வண்டி இந்தக் கதி ஆனதுக்கு நான் ஒருத்தன்தான் காரணம்."