இறங்காத கண்ணாடி

"பிள்ளையாரே, இந்தக் கண்ணாடிய இறக்கச் சொல்லும்" என்றான் உதயரூபன், காரின் முன்பக்கம் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரைப் பார்த்து.

சொன்னது பிள்ளையாருக்கு அல்ல, பக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்த சுதாகரனுக்கு. சுதாகரன் அவனுடைய தங்கச்சியின் புருசன். இரண்டு பேருக்கும் எட்டு மாதமாகக் கதைபேச்சில்லை. ஒரு கலியாண வீட்டில் குடும்பப் படம் எடுக்கும்போது சுதாகரன் முன்னால் போய் நின்றுவிட்டான். அல்பம் வந்தது. அதில் உதயரூபனின் ஒரு காது மட்டும் இருந்தது.

நாளைக்குப் பெரியபிள்ளையான சுதாகரனின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் வந்து தண்ணி வார்க்காமல் சடங்கு நடக்காது. தங்கச்சி தனுஷா அண்ணனுக்குப் போன் எடுத்து அழுதாள். "பிள்ளைக்காக வாறன். உன்ட புருசனோட கதைக்கமாட்டன்" என்று அவன் சம்மதித்தான். "வழியில அண்ணன் கோவிச்சுத் திரும்பினா நீங்களும் வீட்டுக்கு வரவேணாம்" என்று புருசனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

விடியக் குளிர்ச்சியில் அவனை ஏற்றப் பாசிக்குடாவுக்குப் போனபோது சுதாகரன் கண்ணாடியைத் தொடவே இல்லை. ஆனால் உதயரூபன் வேண்டுமென்றே ஆறுதலாகச் சவரம் எடுத்து, ஆறுதலாகக் குளித்து வெளிக்கிட மத்தியானமாகிவிட்டது. கச்சான் காற்று அனலாக அடித்தது. காரின் ஏசி போன வருசமே செத்துப்போனது. இப்போது பொத்தானை அமத்தினால் நாலு கண்ணாடியில் ஒன்றுகூட அசையவில்லை. வாய் அடைத்த செங்கல் சூளைக்குள் இரண்டு பச்சைக் கல்லு மாதிரி இருந்தார்கள்.

"பிள்ளையாரே, நான் கிரானில இறங்கி பஸ்ஸில திரும்பிப் போறன்."

சுதாகரனுக்குத் தனுஷா சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. ஒரு வேப்பமர நிழலில் காரை நிறுத்தி, காத்தான்குடி மெக்கானிக் சாலிஹ் நானாவுக்கு ஸ்பீக்கரில் போன் எடுத்தான்.

"நானா, நேத்துத்தானே உங்கட கராஜில வேல செஞ்சு எடுத்த? கண்ணாடி இறங்குதில்ல!"

"சூட்டுக்கு ரப்பர் இறுகியிருக்கும் தம்பி. ஒராள் உள்ளுக்க இருந்து பொத்தான அமத்தோணும். மத்தாள் வெளிய நிண்டு கதவ அடிச்சுச் சாத்தோணும்."

"நான் தனியச் செய்யேலாதா?"

"ஏலவே ஏலா. ரெண்டாள் வேணும். ஒண்டு, ரெண்டு, மூண்டெண்டு சத்தமா எண்ணுங்க."

உதயரூபன் பிள்ளையாரைப் பார்த்தான். இறங்கிப் போய்க் கதவைப் பிடித்தான்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு!"

எட்டு மாதக் கோபமும் அந்த அடியில் இருந்தது. கண்ணாடி அசையவில்லை. கதவுப் பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது.

"உடைச்சுப்போட்டிங்களே மச்சான்!"

"நீதானேடா அடிக்கச் சொன்ன!"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. "நான் பிள்ளையாருக்குத்தான் சொன்னன்" என்று உதயரூபன் அவசரமாகத் திருத்தினான். ஆனால் அடித்த அடியில் பூட்டும் இறுகி, அவனுடைய பக்கக் கதவு இனி உள்ளாலும் திறக்காது. சுதாகரனின் பக்கத்தால் ஏறி, கியர்க் கம்பியில் வேட்டி கொழுவி, மச்சானின் தோளைப் பிடித்துத்தான் அவன் தன் சீற்றுக்குப் போய்ச் சேர்ந்தான்.

சித்தாண்டியில் இரண்டாவது போன்.

"தேங்காயெண்ண விட்டுப் பாருங்க. ஒராள் எண்ண விட, மத்தாள் ரெண்டு உள்ளங்கையாலயும் கண்ணாடிய கீழ அழுத்தோணும். ஒராளால ஏலா."

ஒரு போத்தல் எண்ணெய் முடிந்தது. கண்ணாடி இறங்கவில்லை. எண்ணெய்தான் இறங்கியது, உதயரூபனின் வெள்ளை வேட்டிக்கு. கச்சான் காற்று கொண்டுவந்த புழுதி முழுக்கக் கண்ணாடியில் அப்பிப் பிடித்துவிட்டது. அதனூடாக வெளியே சைட் மிரர்களில் பின்னால் வருவது ஒன்றும் தெரியவில்லை.

ஏறாவூர்ச் சந்தை நெரிசலில் உதயரூபன் சீற்றில் முழங்காலில் நின்று பின்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.

"லொறி வருது, பொறு. பொறுடா! மோட்டச்சைக்கிள்... சரி, இப்ப கிறுகு. அங்கால இல்ல, இஞ்சால!"

"பிள்ளையாருக்கா சொல்றீங்க?"

"உனக்குத்தாண்டா மடையா, பிள்ளையாருக்கு ஸ்டியரிங் இருக்கா?"

தன்னாமுனையில் மூன்றாவது போன். கதவின் உள்பலகையைக் கழற்றச் சொன்னான் சாலிஹ். ஒராள் பிடிக்க ஒராள் கழற்றினார்கள். கழன்றது. திரும்பப் பூட்ட வரவில்லை. உதயரூபன் அதைச் சீர்த்தட்டு மாதிரி கையில் ஏந்திக்கொண்டான். இரண்டு பேரும் கடையோரம் நின்று ஒரு சோடாவை மாறி மாறிக் குடித்தார்கள்.

"ஏண்டா அண்டைக்குப் படத்தில எனக்கு முன்னால வந்து நிண்ட?"

சுதாகரன் தலையைச் சொறிந்தான். "என்ட களிசான் பின்னால கிழிஞ்சிருந்தது மச்சான். உங்களில சாஞ்சு நிண்டா ஒருத்தருக்கும் தெரியாதெண்டு நினைச்சன்."

"இத எட்டு மாசமா ஏன் சொல்லல்ல?"

"நீங்க கதைக்கல்லையே."

உதயரூபனுக்குச் சோடா மூக்கால் வந்தது. சிரிப்பு அடங்காமல் அந்தக் கதவுப் பலகையில் தாளம் தட்டினான். "மானத்த மறைக்க நான்தானாடா கிடைச்சன்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். கல்லடிப் பாலம் ஏறும்போது நாளைக்கு யார் எங்கே நின்று படம் எடுப்பது என்று அவர்களுக்குள் சண்டை நடந்தது. "நீங்க முன்னுக்கு நில்லுங்க மச்சான்." "இல்லடா, நீ பிள்ளைட அப்பன், நீ நில்லு."

வீட்டு வாசலில் இருவரும் ஒரே கதவால் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். எண்ணெயும் புழுதியும் வேர்வையும். தனுஷா ஓடிவந்து பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

பந்தலுக்குள் சாலிஹ் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நானா! உங்கட வைத்தியம் ஒண்டும் சரிவரல்ல!" என்று சுதாகரன் கத்தினான்.

"என்ட மச்சான்ட காரையே நாசமாக்கிப்போட்டீர்!" என்று உதயரூபன் அவனுக்கு மேலால் கத்தினான்.

சாலிஹ் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பிக் காரடிக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து செருகி, பொத்தான்களை அமத்தினான். நாலு கண்ணாடியும் வெண்ணெய் மாதிரி இறங்கின.

"அது என்ன நானா?"

"கண்ணாடிக்குக் கறண்ட் குடுக்கிற பியூஸ் தம்பி. கண்ணாடி இறங்கினா ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளிய பாத்துக்கொண்டே வந்து சேந்துருவாங்களெண்டு, நேத்து தனுஷா தங்கச்சிதான் கழட்டி வைக்கச் சொன்னிச்சி."