கையெழுத்தும் மீதியும்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் மிக உன்னதமானது கையெழுத்து. நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு தலைவர் ஆயுள் முழுக்கப் பேசுகிறார், நடக்கிறார், சிறைக்குப் போகிறார், ஒரு நாட்டையே உண்டாக்குகிறார். கடைசியில் மிஞ்சுவது காகிதத்தின் அடியில் அவர் போட்ட ஒரு சுழிப்பு. அதற்கு மேலே இருப்பதெல்லாம் வெறும் வாசகம். அதை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்துவிடலாம்.

இந்த மகத்தான உண்மையை நாட்டுக்கு உணர்த்தவே 'மறைந்த தலைவர்கள் கையெழுத்து மதிப்பீட்டுக் கழகம்' அவதரித்தது. நிறுவனர் என் மாமனார், ஓய்வு பெற்ற பல் டாக்டர். செயலாளர் நான். என் தகுதி, அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொண்டது. கழகம் அவருடைய பழைய கிளினிக்கிலேயே நடக்கிறது. முன்பு நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பெஞ்சில் இப்போது உறுப்பினர்கள் உட்காருகிறார்கள். ஆய்வுக்கு வரும் கையெழுத்து மட்டும் உள்ளே சாய்வு நாற்காலியில், பெரிய விளக்குக்குக் கீழே, சகல மரியாதையோடு வைக்கப்படும்.

எங்கள் கழகத்தின் தனிப் பெருமை 'விடுவிப்பு'. கையெழுத்து என்றால் ஆல்பத்தில் அடங்க வேண்டும். கடிதமும் உத்தரவும் அடங்குமா? அடங்காது. ஆகவே மாமா பல் பிடுங்கிய அதே நிதானத்தோடு, மெல்லிய கத்தரியால் கையெழுத்தைக் காகிதத்திலிருந்து விடுவிப்பார். பிறகு ஓரங்களை நீள்வட்டமாகச் சீவி, அட்டையில் ஒட்டி, சட்டம் போடுவார். எஞ்சிய காகிதத்துக்குக் கழக மொழியில் 'மீதி' என்று பெயர். மீதியைப் பற்றிக் கழகம் கருத்துச் சொல்வதில்லை. இது விதி.

மதிப்பீட்டிலும் நாங்கள் கறார். உயிரோடு இருக்கும் தலைவருக்கு மதிப்பே கிடையாது. நாளைக்கே இன்னொரு கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிடுவார். வயதாகி இறந்தவருக்கு ஓரளவு உண்டு. சுட்டுக் கொல்லப்பட்டவர் என்றால் கேட்கவே வேண்டாம். தலைவர் யாராவது சுடப்பட்டால் மறுநாள் காலையிலேயே கழகத்தில் இனிப்பு வழங்குகிறோம் என்று சிலர் அவதூறு பரப்புகிறார்கள். காலையில் நாங்கள் கழகத்தைத் திறப்பதே இல்லை.

பள்ளிக்கூடம் கட்டியவர்கள், குளம் வெட்டியவர்கள் எல்லாம் மலிவு. ஊரை இடித்தவர்களுக்கும் ஆளைத் தூக்கில் போட்டவர்களுக்கும்தான் கிராக்கி. "நாசம் பண்ணின கைக்குன்னு ஒரு களை இருக்கு மாப்ளே" என்பார் மாமா. "கூடத்துல மாட்டினா வர்றவன் ஒரு நிமிஷம் ஆடிப் போகணும். பள்ளிக்கூடம் கட்டினவன் கையெழுத்தப் பாத்து எவன் ஆடுவான்?"

என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை, கூரியர்காரரைத் தவிர. எனக்கு அதில் ஒரு ஏக்கம் உண்டு. நிற்க.

நல்லவர்களில் ஒருவர் மட்டும் விதிவிலக்கு. எங்கள் நாட்டின் முதல் தலைவர், எப்போதும் குடையோடு திரிந்ததால் 'குடைக்காரர்' என்று பெயர் பெற்றவர். அவர் வாயால் சொன்னாலே காரியம் நடந்துவிடும். தான் போன பிறகு அதிகாரிகள் மாற்றிவிடுவார்கள் என்று சந்தேகம் வந்தால் மட்டுமே பேனாவைத் திறப்பார். அதனால் அவருடைய கையெழுத்து அபூர்வம். மாமா ஆயுள் பூராவும் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அது ஒரு நாள் சாயங்காலம் துணிப்பையில் தானாகவே நடந்து வந்தது.

கொண்டு வந்தவர் ஒரு தையல்காரம்மா. கழுத்தில் இஞ்சு டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். அவர்கள் தெருவைக் காலி செய்யச் சொல்லி நகர அலுவலகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம். 'இந்தத் தெருவின் நிலம் இங்கே குடியிருப்பவர்களுக்கே சொந்தம், எக்காலத்திலும் யாரும் இவர்களை அப்புறப்படுத்தக் கூடாது' என்று குடைக்காரர் போட்ட உத்தரவு இவரிடம் இருக்கிறது. கையெழுத்து அசல்தானா என்று கழகத்தில் சான்று வாங்கி வரும்படி அதிகாரி சொல்லிவிட்டார்.

"லேமினேட் பண்ணிரலாம்னு தெருவுல எல்லாரும் சொன்னாங்க டாக்டரய்யா" என்றார் அம்மா.

மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பண்ணிட்டீங்களா?"

"இல்லீங்க. கடை பூட்டியிருந்துச்சு."

"தப்பிச்சீங்க. அது கொலைக் கேசும்மா!"

உத்தரவின் அடியில் இருந்த கையெழுத்தை நானும் எட்டிப் பார்த்தேன். மாமா காகிதத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். சுவரில் மாட்டியிருந்த சட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"சார், இதுல எதுக்கு வெல ஜாஸ்தி?"

நான் விளக்கினேன். அறியாதவர்களுக்கு விளக்குவது என் கடமை.

"அப்போ ஊர வாழ வெச்சவங்களுக்கு?"

"மலிவும்மா."

"இடிச்சவங்களுக்கு?"

"நாளாக நாளாக ஏறிக்கிட்டே போகும்."

"அப்படியா சார்" என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். படிக்காவிட்டாலும் ஆர்வமுள்ளவர் என்று மெச்சிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "மாப்ளே! அசல்! அசலேதான்!"

பெஞ்சில் இருந்த உறுப்பினர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க தெரு பொழச்சிருச்சு சார், நல்லா இருப்பீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் எழுந்து நின்றேன். அது வரலாற்றுத் தருணம் அல்லவா?

சற்று நேரத்தில் மாமா இரண்டு உறைகளோடு வெளியே வந்தார். ஒன்றில் சான்றிதழும், பொன் நிறச் சட்டத்துக்குள் நீள்வட்டக் கையெழுத்தும். இன்னொன்றில் மீதி. அம்மா மீதியைப் பிரித்தார். உத்தரவின் அடியில் ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை. அதன் வழியே அவருடைய விரல் தெரிந்தது.

"கையெழுத்து எங்கங்க?"

"அத 'விடுவிச்சாச்சு'ம்மா" என்றேன்.

"யாரு கேட்டா?"

"கழக வழக்கம். செலவுகூட உங்களுக்குக் கிடையாது."

அம்மா சட்டத்தை ஓட்டைமேல் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். ஓரம் சீவியது ஓட்டையில் எப்படிப் பொருந்தும்?

"எங்கிட்ட சட்டை தைக்கக் குடுத்தா, காலரை மட்டும் வெட்டி எடுத்து ஃப்ரேம் போட்டு, இந்தா உன் சட்டைன்னு குடுப்பேனா சார்?"

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எத்தனையோ பேருக்குப் பல்லு புடுங்கியிருக்கேன். புடுங்கினத ஒட்டிக் குடுன்னு ஒருத்தர் கேட்டதில்ல!" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அம்மா என்னைச் சாட்சிக்கு அழைத்தார். கழகத்தின் பெருமையை அரசாங்கம் அறியட்டும் என்று நானும் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி சான்றிதழைப் படித்தார். ஓட்டை வழியாக என்னை ஒரு முறை பார்த்தார்.

"கையெழுத்து அசல், ஒத்துக்கறேன். ஆனா எதுல போட்டாரு?"

"இதுலதான் சார்!" என்றார் அம்மா. "இந்த சார் கண்ணாலயே பாத்தாரு. கேளுங்க."

அதிகாரி நல்ல மனிதர். பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "செயலாளர் சார், கையெழுத்து இந்த உத்தரவுலதான் இருந்துச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. நோட்டீஸ வாபஸ் வாங்கிடறேன்."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் யோசித்தேன். அந்த வரியை எழுதினால், உயிருள்ள ஓர் உத்தரவைக் கழகம் வெட்டிவிட்டது என்று ஆகாதா? மாமாவின் பேர் என்னாவது? என் பதவி என்னாவது? தெரு இன்று இருக்கும், நாளை போகும். கொள்கை அப்படியா?

எழுதினேன்: 'மீதியைப் பற்றிக் கழகம் கருத்துச் சொல்வதில்லை.' கீழே கையெழுத்துப் போட்டேன். அதிகாரி பெருமூச்சு விட்டு அதைக் கோப்பில் வைத்தார். அம்மா பொன் நிறச் சட்டத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, ஓட்டைக் காகிதத்தை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"பின்ன எழுதிக் குடுத்தா என்னவாம்?"

"மனுஷனாப் பாத்தேன். செயலாளராப் பாக்கல."

அவள் அப்பாவின் மகள். இருந்தும் அன்று எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தெருவை இடித்து முடித்துவிட்டார்கள். அலுவலகம் பெரிய மனதோடு அந்தக் காலி மனையையே எங்கள் கழகத்தின் கையெழுத்துக் கண்காட்சிக்கு ஒதுக்கியது. பந்தலின் நடுநாயகமாகக் குடைக்காரரின் கையெழுத்து, அலுவலகத்தின் அன்பளிப்பாக. மக்கள் வரிசையில் வந்து பார்த்து, 'எவ்வளவு தீர்க்கமான கையெழுத்து!' என்று வியந்தார்கள். இங்கே செங்கல் இடறுகிறது என்று ஒருவர் மட்டும் குறை சொன்னார்.

வரிசையின் கடைசியில் தையல்காரம்மா நின்றிருந்தார். நேரே என்னிடம் வந்தார்.

"சார், உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்."

என் காதையே நம்ப முடியவில்லை. இத்தனை வருஷ ஏக்கம்! எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத எளிய மக்கள்! பேனாவைத் திறந்தேன். "என்னம்மா எழுதட்டும்? 'அன்புடன்'னு போடவா?"

"மேல ஒண்ணும் வேணாம் சார். கையெழுத்து மட்டும் போதும்."

அடியில் இரண்டு கோடு இழுத்து, புள்ளி வைத்து, அழகாகப் போட்டுக் கொடுத்தேன். அம்மா பையிலிருந்து தன் கத்தரியை எடுத்து, ஓரங்களை நீள்வட்டமாகச் சீவினார். மாமாவைவிடச் சுத்தமான வேலை.

"ஆல்பம் வெச்சிருக்கீங்களாம்மா?"

"இனிமேதான் சார்" என்றார். "ஒரு தெருவையே இடிச்ச கையெழுத்து. வெல ஏறிக்கிட்டே போகும்னு நீங்கதானே சொன்னீங்க?"