மூக்கு மெக்கானிக்கும் மார்கழிப் பெட்ரோல் நாற்றமும்

நாமக்கல்லில் பாதி வண்டிகள் டீசலில் ஓடுகின்றன. மீதி மூக்கு மெக்கானிக்கின் மூக்கில் ஓடுகின்றன. அவருடைய நிஜப்பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும். பரமத்தி ரோட்டுப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. பானெட்டைத் திறப்பார், கண்ணை மூடுவார், ஒரே இழுப்பு. "கிளட்ச் தீயுதுங்க" என்பார். பிரித்துப் பார்த்தால் அதேதான். கொட்டகைக்குள் மல்லிகைப்பூ, ஊதுபத்தி, பீடி மூன்றுக்கும் தடை. தலைக்கு வாசனை எண்ணெய் தடவி வந்த புதுமாப்பிள்ளை ஒருவரை, "குளிச்சுட்டு வாங்க சாமி" என்று திருப்பி அனுப்பியவர்.

நான் அவரிடம் போனது வேறு வழியில்லாமல். போன மார்கழியில், பனியில் காரைக் கிளப்பினால் போதும், பெட்ரோல் நாற்றம் குடலைப் பிடுங்கும். போகப் போகக் காணாமல் போய்விடும். அதற்குள் ஆறு வயது மகள் பின்சீட்டில் வாந்தி எடுத்து முடித்திருப்பாள். வாந்தியைத் துடைத்துவிடலாம். ஒருநாள் தீப்பிடித்தால்? பிள்ளை பின்னால் உட்கார்ந்திருக்கும்போது பிடித்தால்? இந்த நினைப்பில் ஒரு மாதமாக எனக்குத் தூக்கமில்லை.

மூன்று மெக்கானிக்குகளைப் பார்த்தாயிற்று. ஒருவர் டேங்க் மூடியை மாற்றினார். ஒருவர் எலி என்றார். மூன்றாமவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எனக்கு ஒரு நாத்தமும் வரலீங்களே சார். நல்லாத் தூங்குறீங்களா?" என்றார்.

கடைசியில் மூக்குக்காரரிடம் போய் நின்றேன். அவர் காரைத் தொடவேயில்லை.

"காலைல வண்டிய எடுத்ததும் என்ன பண்ணுவீங்க?"

"கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடு பண்ணுவேங்ணா. இன்னிக்கு நல்லாக் கழுவித் தொடச்சுத்தான் கொண்டாந்தேன்."

இது எங்கள் ஊர் வியாதி. லாரிக்காரர்கள் ஊரில் பிறந்தவன் வண்டியைச் சூடு பண்ணாமல் நகர்த்தமாட்டான். அழுக்கோடு மெக்கானிக்கிடம் கொண்டுபோகவும் மாட்டான்; பெண் பார்க்கப் போகிற மாதிரி சிங்காரித்துத்தான் கொண்டுபோவான்.

"கெட்டுது போங்க! காய்ச்சக்காரனுக்கு மாத்திரையக் குடுத்து, காய்ச்சல் உட்டதுக்கப்புறம் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா, அவரு என்னத்தைங்க பாப்பாரு? நாளைக்கு வெடியால நானே ஊட்டுக்கு வாரேன். அதுக்கு முன்னால சாவியத் தொட்டீங்க, அப்புறம் நான் மனுசனா இருக்கமாட்டேன், ஆமா!"

விடிந்தும் விடியாமலும் மப்ளரும் டார்ச்சுமாக வந்தார். காப்பி நீட்டினேன். "மூக்கு கெட்டுப்போகுமுங்க" என்று தள்ளிவிட்டு, பானெட்டுக்குள் தலையை நுழைத்தார்.

"சாவியத் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க."

திருப்பினேன். பெட்ரோல் பம்ப் முனகியது. குப்பென்று நாற்றம் என் தொண்டைக்கு ஏறியது. அவர் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்தா என் மனைவி வரவேண்டும்! வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து, தட்டில் எலுமிச்சம்பழமும் திகுதிகுவென்று எரிகிற சூடமுமாக வண்டிக்குச் சுற்ற வருகிறாள். மற்ற வெள்ளிகளில் வண்டி சூடான பிறகுதான் சுற்றுவாள். இன்றைக்கு வேண்டாமென்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் அதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

"அய்யோ! என்னங்க இந்த நாத்தம்!" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். நல்லவேளை, அவளுக்கு என்னைவிடப் புத்தி அதிகம். தட்டோடு சூடத்தை வாளித் தண்ணீரில் முக்கினாள்.

பானெட்டுக்குள்ளிருந்து நிதானமாக ஒரு குரல்: "எந்தப் பக்கமிருந்து வருதுங்க அம்மிணி? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மூக்குக்கும் பெட்ரோலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

மெதுவாகத் தலையை வெளியே எடுத்தார். "கொரோனாவுல போச்சுங்க சார். இன்னும் திரும்பலீங்க. காப்பிகூட, குடிச்சா வெறும் சுடுதண்ணி மாதிரி இருக்குது, அதான் வேண்டான்னேன். எங்கூட்டுக்காரிக்கே தெரியாதுங்க. மூக்க நம்பித்தானுங்களே சனம் வருது."

மூன்று பேரிடம் அலைந்து அலுத்து, நாலாவதாக மூக்கே வேலை செய்யாத மூக்கிடமா வந்து சேர்ந்தேன்! கோபப்படக்கூடத் தெம்பில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மனுஷன் கிளம்பவில்லை. பெட்ரோல் போகிற குழாயை விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவினார். "தண்ணி பட்டா ஈரம். பெட்ரோல் பட்டா சுரீர்னு குளுந்துட்டுக் காஞ்சு போயிருமுங்க. மூக்கு போனப்புறம் விரலுதான் சோறு போடுது." ஓரிடத்தில் விரல் நின்றது. "ஆப்ட்டுக்கிச்சு! ரப்பர் ஓஸ் வெறச்சுப் போச்சுங்க. குளுருக்குச் சுருங்கி, கிளிப்புக்கிட்டக் கசியுது. இஞ்சின் சூடானா உப்பி அடைச்சுக்குது. சூடு பண்ணிச் சூடு பண்ணி நீங்களேதானுங்க சார் மறைச்சு வெச்சிருந்தீங்க!"

அன்றே புது ஓஸ் மாட்டினார். திங்கட்கிழமை மகள் பின்சீட்டில் இட்லி தின்றுகொண்டே வந்தாள். நான் ஓட்டிக்கொண்டே அழுதேன். களைப்பில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் யார் கேட்டாலும், "ஒரே இழுப்புங்க, கண்டுபிடிச்சுட்டாரு" என்று நானும் மனைவியும் கூசாமல் புளுகினோம். மூன்று கார்களும் ஒரு டெம்போவும் எங்கள் சிபாரிசில் அவர் கொட்டகைக்குப் போயின.

போன வாரம் காலையில் போன் செய்தார். மூச்சு இரைத்தது.

"சார், ஒரு வண்டி பாக்கறதுக்கு மோகனூர்ப் பக்கம் வந்தேனுங்க. கோழிப்பண்ணை நாத்தம் வருதுங்க சார்! குப்புனு அடிக்குதுங்க! கொமட்டுதுங்க சார்!" குரல் உடைந்துவிட்டது. "இனி நீங்க ஊருக்குச் சொல்றது பொய்யில்லீங்க. மொதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன். வேற ஆருகிட்டங்க சொல்றது?"

பிறந்ததிலிருந்து அந்த நாற்றத்தைத் திட்டியே வளர்ந்தவன் நான்.

"நல்லா இழுங்கண்ணா. நெஞ்சு நெறைய இழுங்க" என்றேன்.