கறுப்புத் திரை விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் மனைவி நலம். கம்ப்யூட்டரின் நலத்தைப் பற்றித்தான் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் போனை எடுக்காததால் இதை எழுதிக் கீபோர்டின் மேல் வைக்கிறேன். வந்ததும் முதலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், பிறகு படியுங்கள்.

காலையில் கிளம்பும்போது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “மாமா, மூணு வாரமா இது கணக்குப் போட்டுக்கிட்டிருக்கு. சாயங்காலம் முடிஞ்சிடும். முடிஞ்சாத்தான் எனக்கு வேலை நிரந்தரம். கிட்டவே போகாதீங்க.” போயிருக்க மாட்டேன். ஆனால் காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் கண்ணெதிரே, உங்கள் கறுப்புத் திரை, விளிம்பு வரை எழுதிய பலகை மாதிரி துடைக்காமல் நின்றால் கை சும்மா இருக்குமா? அடுத்த வகுப்புக்கு வருகிறவருக்கு அழுக்குப் பலகையை விட்டுப் போவது எங்கள் பள்ளியில் பெருங்குற்றம். நீங்கள் ‘கிளியர்’ என்று தட்டித் திரையைத் துடைப்பதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன், சாக்பீஸ் தூசிகூடப் பறக்காது, நானும் அதேபோல் தட்டி என்டரை அமுக்கினேன், அவ்வளவுதான், அத்தனை எழுத்தும் போயே போச்சு, மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் ‘இப்ப என்ன பண்ணப் போற?’ என்கிற மாதிரி கண்ணைச் சிமிட்டுது, திரும்பவும் தட்டினேன், சுத்தமா இருந்ததை இன்னும் சுத்தமாக்கிடுச்சு, உங்க அத்தை வேற எட்டிப் பார்த்துட்டு, “ஏங்க, மாப்பிள்ளை பொழப்பையே துடைச்சிட்டீங்களே!” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் வேலை போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அது என்ன கணக்கு என்று மட்டும் சொல்லுங்கள், பேப்பரில் போட்டுத் தந்துவிடுகிறேன். வழிமுறையோடு.

நீங்கள் நோயில்லாமல், குறையில்லாமல், முக்கியமாகக் கோபமில்லாமல் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
பேப்பரும் பேனாவுமாகக் காத்திருக்கும்,
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். இப்போதுதான் மகள் வந்து மவுஸில் எதையோ உருட்டினாள். அத்தனை எழுத்தும் மேலே பத்திரமாக இருக்கிறது! “திரையைத்தாம்பா துடைச்சிருக்கீங்க. உள்ள வேலை அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு” என்று சிரித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில், உங்கள் முன் நல்ல சட்டையோடு நிற்கலாமே என்று இஸ்திரி போட உட்கார்ந்தேன். உங்கள் மேஜைக்குக் கீழே ஒரு ப்ளக்கைப் பிடுங்கிய பிறகுதான் இஸ்திரிப் பெட்டிக்கு இடம் கிடைத்தது. திரை மறுபடியும் கறுப்பாகிவிட்டது, இந்தத் தடவை அந்தச் சின்னக் கோடுகூட இல்லை. ஆனால் நான் துளிகூடப் பயப்படவில்லை, மாப்பிள்ளை. வெறும் திரைதானே!