குடத்தோடு ஏறிய டிரெட்மில்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, தொடக்கப்பள்ளியோடு நின்றவள். பல விஷயம் மறந்தும் போகிறது. யார் மேல் சந்தேகப்பட்டேன் என்பது மட்டும் மறப்பதே இல்லை.

பேரன் நல்லபடியாகப் பிறந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். பிறந்தும் விட்டான். சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை, நாலு கிலோமீட்டர், வெறுங்காலில் நடக்க வேண்டும். எனக்கோ பிரஷர். மார்க்கெட் போய் வருவதற்குள்ளேயே மூச்சு வாங்கும்.

மருமகள் கலா, "டாக்டர் ஓகே சொன்னா எடுங்க அத்தை" என்றாள். இவ்வளவு பணிவாகச் சொன்னதும் எனக்கு உறுத்தியது. டாக்டரிடம் முன்னாலேயே பேசி வைத்திருப்பாளோ?

ஆஸ்பத்திரியில் டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்ப்பார்களாம். பிறகு, 'வெறுங்கையோடதானே நடந்தீங்க' என்று மாற்றிப் பேசிவிட்டால்? பித்தளைக் குடத்தைப் பையில் போட்டுக்கொண்டு கலாவோடு போனேன். (காலிக் குடம்தான். அந்த அளவு புத்தி இருந்தது.)

நெஞ்செல்லாம் ஒயர் ஒட்டினார்கள். கூச்சத்தில் வாயைத் திறக்காமல் குடத்தை எடுத்தேன். சீனத் தாதிப் பெண், "ஆன்ட்டி, கேனாட் லா", கூடாது என்று தடுத்து அதை வாங்கி மெஷினின் முன்தட்டில் வைத்தாள்.

முதலில் மெதுவாகத்தான் ஓடியது. திடீரென்று வேகம் கூடி, பலகை மேடாகத் தூக்கியது. மூச்சு முட்டியது. அந்த நேரம் பார்த்துக் கலா தாதியைப் பார்த்துச் சிரித்தாள். போதாதா? குடத்தை எடுத்துத் தலையில் வைத்தேன். அது நழுவி, ஓடுகிற பட்டையில் விழுந்து, பின்பக்கமாகப் பறந்து, கலாவின் முழங்காலில் போய் மோதியது.

மெஷினை நிறுத்தினார்கள். "யாரு வேகத்தைக் கூட்டுனது?" என்று அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

டாக்டர் நம்ம தமிழ்ப் பிள்ளைதான். "நடந்தாலே உங்க பிரஷர் ரொம்ப ஏறுதும்மா. அந்த அழுத்தத்துல ரத்தத்தைத் தள்ள இதயம் படாத பாடு படுது. அதான் சீக்கிரம் களைச்சுப் போறீங்க. மருந்தை ஒழுங்கா சாப்பிட்டு, நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா நடங்க. இந்த வருஷம் குடம் வேணாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கலா, "நான் எடுக்குறேன் அத்தை" என்றாள். (குடத்தைப் பறிக்கத்தான் இத்தனையும் என்று அப்போதும் தோன்றியது.) அந்தத் தைப்பூசத்துக்கு அவளே நொண்டி நொண்டி எடுத்தாள். நான் டாக்சியில் போய்க் காத்திருந்தேன்.

இப்போதும் எம்ஆர்டி ரயில் நிலையத்து எஸ்கலேட்டரில் கால் வைத்தால் போதும், "வேகத்தைக் கூட்டச் சொல்லவாம்மா?" என்பான் மகன்.

அந்த மெஷின் தானாகவே வேகம் கூடும் என்று கலா சொல்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அவளைக் கேட்காமல்.